முதல் தையலில் அறுந்த கோன் நூல்

நேற்று கோயிலுக்குப் போகிற வழியில் தையல் நிலையத்துக்குள் எட்டிப் பார்த்தேன். மேசையில் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கோன் நூல் இருந்தது. கார்மெண்ட் பெக்டரி மெசின்களுக்கு வைக்கிற நூல், ஒவ்வொன்றும் ஒரு தண்ணீர்ச் செம்பு உயரம். “ஆன்ட்டி, இனி தைப்பொங்கல் வரைக்கும் நூல் கவலை இல்ல” என்று உங்களில் ஒருத்தி சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு குடைந்தது. அப்போதே உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வந்ததை இப்போது எழுதித் தருகிறேன். வேலைக்கு நடுவே ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு மெசினில் கோனை எப்படி வைப்பது என்று உங்கள் போனிலேயே ஆயிரம் படம் இருக்கும். கோனை மெசினின் தலையில் குத்தாதீர்கள். மெசினுக்குப் பின்னால் கீழே நிமிர்த்தி வையுங்கள். நூல் நேரே மேலே ஏறி, அங்கே ஒரு கொக்கியில் திரும்பி, பிறகு மெசினுக்கு வரட்டும். வித்தை அவ்வளவுதான். இந்த நாலு வரி அன்றைக்கு எங்களுக்குத் தெரியாமல் போனதால் எங்களோடு இருந்த ஒரு பெண்ணுக்கு என்ன ஆனது என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

அவள் பெயர் சுதா. தோட்டத்துக் கீழ் லயத்து வரிசை வீட்டுப் பெண். கல்யாணத்துக்கு முந்தி அவிசாவளைப் பக்கம் ஒரு கார்மெண்ட்டில் பல வருடம் மெசின் ஓட்டியவள். புருசனுக்குக் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. பெண் குழந்தை ஒன்று பிறந்தது, கவி. இருட்டோடு பெக்டரி பஸ் ஏறி இருட்டோடு திரும்பினால் பிள்ளையின் முகத்தைத் தூக்கத்தில்தான் பார்க்க முடியும் என்று வேலையை விட்டுவிட்டு, ஒரு வீட்டு மெசினை வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தாள். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற இடம் முந்தி பிள்ளைக்காம்பரா. அம்மாமார் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். அது மூடிக் கிடந்த பிறகுதான் நாங்கள் நாலைந்து பேர் மெசின்களைத் தூக்கிக்கொண்டு வந்து தைக்க ஆரம்பித்தோம்.

வந்த முதல் நாளே சுதா சொன்னாள். “அக்கா, எனக்குப் பெருசா ஆச இல்ல. இந்த மெசின் எங்களுக்குச் சோறு போட்டாப் போதும். கவிய விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன்.”

“போகாத. இங்கேயே கெட. ஆனா எங்க வயித்துல அடிச்சிறாத” என்றேன். அவள் கைவேலையைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே பயம்தான்.

நான் தையல் படித்தவள் இல்லை. பழைய சட்டைகளைப் பிரித்துப் பிரித்து, எது எங்கே போகிறது என்று பார்த்துக் கற்றுக்கொண்டவள். சுதா வெட்டினால் கத்தரிக்கோல் தயங்காது. போனில் பார்த்த கழுத்து வடிவத்தை அப்படியே துணியில் இறக்கிவிடுவாள். இளம்பெண்கள் எல்லாம் அவள் மேசைக்கு முன்னால்தான் நின்றார்கள். எனக்குப் பொறாமை இருந்ததா என்று கேட்டால், கொஞ்சம் இருந்தது. ஆனால் அவள் வந்ததிலிருந்து எங்கள் எல்லோருக்குமே வேலை கூடியது. தேர் வந்தால் தெருவுக்கே வெளிச்சம் என்பார்கள் இல்லையா, அப்படி.

அப்போதுதான் மேட்டு லயத்துப் பார்வதியம்மா தன் சின்ன மகளின் கல்யாண ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் தோட்டத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கல்யாண ஜாக்கெட்டுக்கு நல்ல நேரம் பார்த்து முதல் தையல் போட வேண்டும். துணியின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைப்பார்கள். பெண்ணின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தையல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் அறாமல் ஓடுவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் எழுந்து போவார். பார்வதியம்மா பொல்லாதவர் இல்லை. அவருடைய மூத்த மகள் கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே வாழ்க்கை சரிவராமல் வீட்டோடு வந்துவிட்டவள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. அந்த அம்மாவின் பயம் அப்படிப்பட்டது.

சேலை மெரூன் நிறம். அந்த நிறத்தில் சின்ன நூல்கட்டை தேடி சுதாவும் நானும் தெஹியோவிட்டைக் கடைகளில் ஏறி இறங்கினோம். சாமான் எதுவுமே ஒழுங்காக வராத காலம் அது. கடைசியில் நூல்கடை நானா, அந்த முஸ்லிம் அண்ணன்தான், மேல்தட்டிலிருந்து ஒரு கோனை இறக்கினார்.

“சின்னது வராது தங்கச்சி. இத எடுத்துக்கங்க. ஒங்க மக கல்யாணத்துக்கும் இதுலயே தைக்கலாம்.”

“என் மக இன்னும் நர்சரிக்கே போகல நானா.”

“அதத்தான் நானும் சொல்றேன். அதுவரைக்கும் தீராது.”

சிரித்துக்கொண்டே பஸ் ஏறினோம். சுதா அந்தக் கோனை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே வழிநெடுக ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சந்தோசமாக இருந்தாள்.

மறுநாள் நல்ல நேரம் தொடங்குவதற்கு முன்னாலேயே பார்வதியம்மா வந்து உட்கார்ந்துவிட்டார். கூடவே பெண்ணின் சித்தியும் இன்னும் இரண்டு பெண்களும். கோனின் துளை பெரியது, மெசினின் தலையில் நூல் மாட்டுகிற கம்பி மெலிந்தது. ஆடாமல் இருக்கட்டும் என்று சுதா துளைக்குள் பழைய பேப்பரைத் திணித்து, கோனைக் கம்பியில் இறுக்கமாக நிறுத்தினாள். பெக்டரியில் வருடக்கணக்காகக் கோன் நூலில் தைத்தவள்தான். ஆனால் அங்கே ஸ்டாண்ட் மெசினோடு ஒட்டியே இருக்கும். காலையில் போய் உட்கார்ந்தால் நூல் தலைக்கு மேலிருந்து இறங்கி வந்துகொண்டே இருக்கும். அந்த ஸ்டாண்டுக்கு ஒரு வேலை உண்டு என்று நினைத்துப் பார்க்க அவளுக்கு ஒரு நாளும் தேவை வந்ததில்லை.

மஞ்சள் தொட்டு வைத்தார்கள். பார்வதியம்மா கைகூப்பிக் கண்ணை மூடித் திறந்தார். சுதா மெசினை ஓட்டினாள். ஒரு சாண் ஓடியிருக்கும். நூல் அறுந்தது.

“என்னடி ஆச்சு?” என்றார் பார்வதியம்மா.

“ஒண்ணுமில்ல அத்தே. புது நூலு.”

கோர்த்து மறுபடி ஓட்டினாள். மறுபடி அறுந்தது. பெண்ணின் சித்தி பார்வதியம்மாவின் முகத்தைப் பார்த்தார். பார்வதியம்மா சுவரைப் பார்த்தார். சுதா ஊசியை மாற்றினாள். டென்ஷன் திருகைத் தளர்த்தினாள், பிறகு இறுக்கினாள். ஆளுக்கொரு யோசனை சொன்னோம். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்களே, அதுதான் நடந்தது. ஊசியைப் பார்த்தோம், பாபினைப் பார்த்தோம், சக்கரத்தைப் பார்த்தோம். நூல் புறப்பட்டு வருகிற இடத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. சுற்ற முடியாமல் இறுகி நின்ற கோனிலிருந்து நூல் பக்கவாட்டில் இழுபட்டு, அதன் அடி விளிம்பில் போய்ப் போய் மாட்டிக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருடைய மூக்குக்கும் முன்னால்தான்.

மூன்றாம் தடவையும் அறுந்தபோது பார்வதியம்மா எழுந்துவிட்டார். “நேரம் முடியப் போகுது” என்றார். குரல் அழுகிற மாதிரி இருந்தது.

சுதாவே துணியை எடுத்து என் பக்கம் நீட்டினாள். “அக்கா, நீங்க போடுங்க.”

என் மெசினின் நூல் கம்பி வளைந்து போனது. கோன் அதில் நிற்காது. அதனால் கோனிலிருந்து கொஞ்சம் நூலை ஒரு வெறும் நூல்கட்டையில் அவசரமாகச் சுற்றி மாட்டினேன். தைத்தேன். தையல் தண்ணீர் மாதிரி ஓடியது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு தடங்கல் இல்லை. பார்வதியம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “ராசியான கைம்மா ஒனக்கு” என்றார். சுதாவை அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. போகும்போது அவள் பக்கம் திரும்பவும் இல்லை.

அந்த இடத்தை நீங்கள் நன்றாக யோசித்துப் பாருங்கள். நூல் அதே நூல், நிறம் அதே நிறம், நேரமும் அதே நேரம். மெசின் மாறியதை யாரும் கணக்கில் வைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மாறியதாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கை. வேலையைக் காப்பாற்ற நான் கை நீட்டினேன். அந்த நிமிசத்தில் வேறு யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் நான் ஸ்டூலை விட்டு எழுந்து, “சுதா, நீ வந்து என் மெசின்ல போடு” என்று சொல்லியிருந்தால்? அதே கைதான் தையலை ஓட்டி முடித்திருக்கும். பதறாத காரியம் சிதறாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். இதை எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே பீலியடியில் பேச்சு வந்துவிட்டது. குடத்தில் தண்ணீர் நிறைவதற்குள் கதை நிறைந்துவிடும் இடம் அது. ‘கல்யாணத் துணியில மூணு தடவ அறுந்துச்சாம்’ என்பது இரண்டு நாளில் ‘அவ தொட்டாலே அறுந்துருதாம்’ என்று ஆகியிருந்தது.

சுதா சும்மா இருக்கவில்லை. மெசினில்தான் கோளாறு என்று நினைத்து, பஜாரிலிருந்து மெசின் பழுது பார்க்கிற மெக்கானிக் பாஸைக் கூட்டிவந்தாள். அவர் சிங்களவர், நல்ல மனிதர். கழற்றினார், எண்ணெய் விட்டார். தைத்துப் பார்க்க, கம்பியிலிருந்த கோனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தன் பையிலிருந்த சின்ன நூல்கட்டையை மாட்டி ஓட்டினார். அழகாக ஓடியது. “மெசின் எக்க ஹொந்தய். கிசி வரதக் நே” என்றார். மெசினில் ஒரு குறையும் இல்லையாம். வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெசினும் தப்பித்துவிட்டது. இனி மிச்சம் இருந்தது அவள் மட்டும்தான்.

பாஸ் போனதும், வேறு நூல் இல்லாததால், சுதா மறுபடி கோனைக் குத்தினாள். மறுபடி அறுந்தது.

கல்யாணம் நல்லபடியாகவே நடந்தது. பெண் சுகமாக இருக்கிறாள், இப்போது இரண்டு பிள்ளைகள். அது யார் கண்ணிலும் படவில்லை. சடங்குத் துணி, வளைகாப்புத் துணி என்று மங்கலமான எது வந்தாலும் என் மேசைக்கு வந்தது. கொண்டுவருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நீங்களே வெட்டி நீங்களே தைங்கக்கா. அவ கை படாம பாத்துக்கங்க” என்பார்கள். எத்தனை தாழ்த்தினாலும் அடுத்த மேசைக்குக் கேட்காதா? சுதாவுக்குத் தலையணை உறையும் கிழிந்த காற்சட்டையும் மிஞ்சின.

ஒருநாள் அவள் முன்பள்ளிக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். மெசினுக்குப் பின்னால் வெட்டுத் துணிகளைப் போட ஒரு பழைய பால்வாளி இருக்கும், ரப்பர் பால் எடுக்கிற வாளி. திணித்த பேப்பர் கிழிந்து, கோன் கம்பியிலிருந்து கழன்று பின்பக்கமாக விழுந்தது. விழுந்தது வாளிக்குள். துண்டுத் துணிகளுக்கு நடுவில் தலை நிமிர்ந்து நின்றுகொண்டது. சுதாவுக்குக் குனிந்து எடுக்கக்கூட அலுப்பு. “போ, அங்கேயே கெட” என்று திட்டிக்கொண்டே மெசினை மிதித்தாள். இனி அறும், இனி அறும் என்று காத்திருந்திருக்கிறாள். திரைச்சீலை முடிந்துவிட்டது.

“அக்கா!”

அந்தச் சத்தத்தில் என் கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

“அக்கா, இங்க வாங்க, இங்க பாருங்க. மேல நேரா வருது பாருங்க. பெக்டரில இப்புடித்தான் வரும். இப்புடித்தான்க்கா வரும்!” தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாங்கள் எல்லோரும் முறை வைத்து உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தோம். கோனைக் கம்பியில் குத்தினால் யார் ஓட்டினாலும் அறுந்தது, என் ராசியான கையிலும். வாளியில் வைத்தால் யாருக்கும் அறவில்லை.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அதுதான் நாங்கள் போட்ட தப்புக் கணக்கு. பிள்ளைகளே, பிழையைக் கண்டுபிடித்தால் பேர் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று நம்பாதீர்கள்.

அன்றே இருவரும் பீலியடிக்குப் போனோம். பார்வதியம்மாவும் இருந்தார். சுதா படபடவென்று சொன்னாள், கோன், கம்பி, பேப்பர், வாளி எல்லாம். பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். கேட்டு முடித்து ஒருத்தி சொன்னாள்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

சிரித்தார்கள். நான் விடவில்லை. “நானும் பாத்தேன், என் கையிலயும் அறுந்துச்சு” என்றேன்.

“நீங்க நல்லவங்கக்கா, அவளுக்காகச் சொல்றீங்க.”

பார்வதியம்மா மட்டும் சிரிக்கவில்லை. “விடும்மா சுதா. நடந்தது நடந்துபோச்சு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல” என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். குற்றவாளியை மன்னிக்கிற பெருந்தன்மை. அதற்கு அந்தச் சிரிப்பே தேவலை.

பிறகு எனக்குப் புரிந்தது இதுதான். நூல் அறுந்த அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் அது காரணம். நாள் கழித்துச் சொன்னால் அது சாக்கு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அதனால்தான் சொல்கிறேன், வாடிக்கைக்காரர் முன்னால் வேலை கெட்டால் முதலில் கையை நிறுத்துங்கள். “கொஞ்சம் இருங்க, என்னன்னு பாக்குறோம்” என்று உரக்கச் சொல்லுங்கள். நல்ல நேரம் போனால் போகட்டும், நாளைக்கும் ஒரு நல்ல நேரம் உண்டு. ஊசியிலிருந்து நூலின் வால் பிடித்து அது புறப்படுகிற இடம் வரைக்கும் பின்னாலேயே போய்ப் பாருங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் மெசினை மாற்றுங்கள், நூலை மாற்றுங்கள். உட்கார்ந்திருக்கிறவளை எழுப்பாதீர்கள்.

நான் இன்னொரு முயற்சியும் செய்தேன். என் மகளுக்கு வளைகாப்பு வந்தது. ஊரே பார்க்கட்டும் என்று அந்த ஜாக்கெட் துணியை எடுத்துப் போய் சுதாவின் மேசையில் வைத்தேன். மகளிடம் முன்பே கேட்டுவிட்டேன். அவளும், “சுதாக்கா தச்சா கழுத்து நல்லா வரும்மா” என்றுதான் சொன்னாள்.

சுதா துணியைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேணாம்க்கா.”

“ஏன்டி, எனக்கில்லாத பயம் ஒனக்கு எதுக்கு?”

“நல்லபடியா நடந்தா, ஒங்க நல்ல மனசுக்கு நடந்துச்சும்பாங்க. அதக்கூட விடுங்க. பிரசவத்துல ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?”

“அதுக்கும் தையலுக்கும் என்னடி சம்பந்தம்? அன்னைக்கு அறுந்தது கோன்னால. நீதான கண்டுபிடிச்ச!”

“தெரியும்க்கா. கோன்னாலதான் அறுந்துச்சு. நல்லாத் தெரியும்.” மேசையில் இருந்த துணியைப் பார்த்தாள். “ஆனா ராத்திரி படுத்தா தெரிய மாட்டேங்குது.”

துணியை மடித்து என் மேசைக்கே எடுத்து வந்தேன்.

அடுத்த மாதம் அவள் பெக்டரிக்கே திரும்பிவிட்டாள். இந்தத் தடவை தினமும் போய் வருகிற வேலை கிடைக்கவில்லை. பழைய இடத்தில் ஆள் நிரம்பிவிட்டார்களாம். கொழும்புக்கு அந்தப் பக்கம், பெக்டரிகள் மொத்தமாக இருக்கிற ஒரு சோனில், போர்டிங்கில் தங்கி வேலை. கவி சுதாவின் அம்மாவிடம். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நானும் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பிள்ளை அழவில்லை. அம்மா கடைக்குப் போகிறாள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். “எனக்கு பிஸ்கட் வாங்கிட்டு வாங்க” என்று கை காட்டியது. பஸ் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் சுதா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

பெக்டரியில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. இப்போது லைன் லீடராம், முப்பது நாற்பது மெசினுக்குப் பொறுப்பு. அங்கே கைராசி யார் பார்க்கிறார்கள்? கவியோடு பேச்சு போனில்தான். வீட்டில் சிக்னல் கிடைக்காது என்று பிள்ளை கோயில் மேட்டில் ஏறி நின்று பேசும். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

போன தீபாவளிக்கு சுதா வந்திருந்தாள். விடிந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெளியே வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நேரம். கவியைக் கூட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பிள்ளை உள்பாவாடையோடு குளிரில் ஒடுங்கி நின்றது. சுதாவின் கையில் கொழும்பில் வாங்கின புது கவுன். இடுப்பு மடிப்பில் நாலு விரல் நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. ரெடிமேட் துணி அப்படித்தான்.

“அக்கா, ஒரு தையல் போட்டுக் குடுங்க.”

என் கண் இப்போது முந்தி மாதிரி இல்லை. மெசினைத் திறந்து, நூல் கோர்த்து, நான் எழுந்து ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினேன். “உக்காரு. நீயே போடு. ஒனக்கு இது ஒரு நிமிச வேல.”

அவள் ஸ்டூலைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள்.

“புதுத் துணிக்கா. நல்ல நாளு. நீங்களே போடுங்க.”

“அம்மா, சீக்கிரம், குளுருது” என்றது கவி.

நான் உட்கார்ந்தேன். கவுனை ஊசிக்குக் கீழே வைத்தேன். மெசினை மிதிக்கும்போது, அறுந்துவிடு, ஒரே ஒரு தடவை அறுந்துவிடு, அவள் கண்ணுக்கு முன்னால் என் கையில் அறுந்துவிடு என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

அறவில்லை.